குடல் செல்லைக் குறிவைக்கும் இரண்டு பாக்கெட்டுகள்

கோத்தகிரி மருந்துக்கடை ஒன்றில், மகளின் வயிற்றுப்போக்குக்காக மருத்துவர் எழுதித் தந்த சீட்டைக் காட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரான 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொடியும் குழந்தைகளுக்கான ரேஸ்கடோட்ரில் என்ற பேதி மருந்துப் பொடியும் வாங்கினேன். இரண்டுமே கிருமியைத் தொடாமல் நம் குடல் செல்லிலேயே வேலை செய்பவை என்பதால், ஆன்டிபயாட்டிக் இல்லாமல் பேதி நிற்குமா என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேதி எப்படி வருகிறது என்பதற்குக் காலராவை எடுத்துக்கொள்வோம். காலரா நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைப் பெருக்கி, குளோரைடு வெளியேறும் வாயிலைத் திறந்தே வைத்துவிடுவதால் உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டுகின்றன. ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதம் அப்போதும் பழுதின்றி இருக்கும், ஓ.ஆர்.எஸ். அந்த வழியாகத்தான் நீரை உடலில் சேர்க்கிறது. கரைசலில் சோடியத்தையும் குளுக்கோஸையும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று சமமாக வைத்திருப்பது தற்செயல் அல்ல. இரண்டு தேநீர் விலையில் இதைவிட நல்ல மருந்து கிடைக்காது.

ரேஸ்கடோட்ரில், குடலில் இயல்பாகவே சுரக்கும் என்கெஃபலின் என்ற பொருள் சிதையாமல் காத்து, அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் குறைக்கிறது. லோபரமைடு என்ற இன்னொரு பேதி மருந்து போலக் குடலின் அசைவை முடக்குவதில்லை. இனிப்புக்கு அடியில் கசப்பு இருப்பதால் கஞ்சியில் கலந்துதான் கொடுக்க முடிந்தது. ஓ.ஆர்.எஸ்.ஸுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. மலத்தில் இரத்தம் கண்டால் இவற்றை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கேட்டபோது கடைக்காரர் முதலில் நீட்டியது பழச்சுவைப் பானம் ஒன்றின் அட்டைப்பெட்டி. கலவை பொருந்தாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. இத்தகைய பானங்களில் மிகுந்திருக்கும் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டவும் கூடும்.

ஓ.ஆர்.எஸ். பொடியின் குறை அதன் உறைதான். ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும் என்பது பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையுள்ள நீலகிரியில் பலரும் முக்கால் லிட்டர் எவர்சில்வர் பாட்டில்தான் வைத்திருக்கிறார்கள்; அதில் முழு உறையையும் கொட்டினால் உப்பு கூடிவிடும். அளவுக்கு வழியில்லாதவர்கள் 200 மில்லி நீருக்கான சிறிய உறையைக் கேட்டு வாங்கலாம்.