குச்சியிலிருந்து டீசல் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கிய பிறகு, விதைக்குச்சிக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதை வரப்போரத்தில் குவித்து எரிப்பதுதான் எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு அப்படி எரித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒருவர், காற்றுப் புகாத உருளையில் இதே குச்சியைச் சூடேற்றினால் நூறு கிலோவுக்கு அறுபது லிட்டர் டீசலும் இருபது கிலோ கரியும் கிடைக்கும் என்றார். இப்படிக் காற்றில்லாமல் சூடேற்றிப் பிரிப்பதற்குப் பெயரான பைராலிசிஸ் என்ற சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். இயந்திரத்தின் விலையான 3,20,000 ரூபாயில் 2,40,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். ஜிஎஸ்டி எண் இல்லாத வெள்ளைத்தாள்தான் ரசீதாக வந்தது.

அவர் சொன்ன அறுபது முழுப் பொய்யன்று என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து சதவீதத்துக்கும் குறைவான ஈரமுள்ள பொருளைப் பொடியாக்கி, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் நொடிகளில் சூடேற்றி, வரும் ஆவியை உடனே குளிர்வித்தால் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் திரவம் கிடைக்கும். எனக்கு விற்றதோ, விறகு வைத்து நான்கு மணி நேரம் மெதுவாகச் சுடும் உருளை. அதில் நூறு கிலோ காய்ந்த குச்சிக்கு 28 கிலோ கரியும், புகைநாற்றமடிக்கும் புளித்த பழுப்புத் தண்ணீரும், அதன் அடியில் கொஞ்சம் தாரும்தான் கிடைத்தன.

அந்தத் தண்ணீரை வடிகட்டி, அவருடைய ஆளே என் டீசல் மோட்டாரில் ஊற்றினார். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டதில் 11,500 ரூபாய் செலவு. முறையாக எடுத்த திரவமானாலும் அதில் தண்ணீரும் அமிலமும் கலந்தே இருக்கும். சாதாரண இரும்பை அரிக்கும். எரிதிறனோ டீசலில் பாதிகூட வராது. குச்சியில் ஈரம் அதிகம் என்று அவர் சாக்குச் சொன்னார்; அதே குச்சியை என் வயலில் பார்த்துவிட்டுத்தானே பணம் வாங்கினார்!

இவற்றைவிட அஞ்ச வேண்டியது வேறு. உருளையிலிருந்து வரும் வாயுவை அடுப்புக்கே திருப்பி எரிக்கும் குழாய் இதில் இல்லாததால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்த புகை மாட்டுக்கொட்டகைக்குள் நிறைந்தது. சூடு தணியும் முன் அவருடைய ஆள் மூடியைத் திறந்ததும் காற்றுப்பட்ட கரி பற்றி எரிந்தது. மூடியபடியே இரவு முழுவதும் ஆறவிட வேண்டும் என்பதைக்கூட எங்களிடம் சொல்லவில்லை.

கரியைச் சாணக்கரைசலில் ஊறவைத்துப் பாக்குமரங்களுக்குப் போட்டு வருகிறேன். உருப்படியானது அது ஒன்றுதான். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டென்பதால் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

தம்மம்பட்டிப் பக்கம் இதே உருளையைப் பச்சை வண்ணம் அடித்து ஒருவர் காட்டி வருவதாக உறவினர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். அங்குள்ளவர்களே, உங்கள் குச்சியையே போட்டு ஒரு முழு நாள் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். வரும் திரவத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய டீசலோடு சேர்த்துக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் கலக்காமல் தனித்தனியே பிரிந்து நின்றால், அது டீசல் அன்று.