மணல் நட்சத்திரம்: ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்த்த அனுபவம்

கடைகளில் 'சேண்ட் சிஃப்டிங் ஸ்டார்' என்று மணலுக்குள் வாழும் ஒரு நட்சத்திர மீனை விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் விசாரிப்பது தொட்டியின் தரை அளவை. லிட்டர் கணக்கு இதற்கு உதவாது. மணலுக்குள் கிடக்கும் உயிர், தலைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். என் தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், மாவு போன்ற அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் 7, 8 சென்டிமீட்டர் ஆழம். சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறைக்கு இதுவே பெரிய தொட்டி. அந்தத் தரையும் இதற்குப் பற்றவில்லை, கையால் ஊட்டித்தான் வளர்க்கிறேன்.

மணலைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித்தான் தள்ளிவிடுவார்கள். பாதி உண்மை. மணல் புரளும், மேலே படியும் பழுப்புப் பாசி காணாமல் போகும், முதல் சில மாதங்களுக்குத் தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் இது சேர்ந்த ஆஸ்ட்ரோபெக்டன் வகை நட்சத்திரங்கள் அசைவம். மணலுக்குள் இருக்கும் புழு, குட்டி நத்தை, சிப்பி, கோப்பிபாட் என்ற நுண்ணிய இறாலினம் எல்லாம் அதன் வயிற்றுக்குத்தான். கழிவைத் தின்று மணலை உயிரோடு வைத்திருந்தவை அவைதானே? துப்புரவுக்கு ஆள் வைத்து, வந்தவர் ஏற்கெனவே இருந்த துப்புரவாளர்களைத் தின்று தீர்த்த கதை இது.

மற்ற பல நட்சத்திர மீன்கள் இரைப்பையை வெளியே தள்ளி இரையைக் கரைத்துக் குடிக்கும். இது அப்படியே விழுங்கிவிடும். ஆசனவாய் கிடையாது, ஓடு முதலிய மிச்சமெல்லாம் வாய் வழியாகவே திரும்பி வரும். காலையில் மணல் மேல் செரித் நத்தையின் ஓடு காலியாகக் கிடந்தால், முந்தைய இரவு யார் அந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும்.

பகலில் அநேகமாகக் கண்ணில் படாது. விளக்கு அணையும் நேரத்தில் மணல் ஓரிடத்தில் மெல்ல உப்பும், பிறகு ஒரு கையின் நுனி எட்டிப் பார்க்கும். கண்ணாடியை ஒட்டி வரும்போது அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்: ஒவ்வொரு கையின் நடுப்பள்ளத்திலும் இரண்டு வரிசைக் குழாய்க்கால்கள், நுனி கூர்மையாக, உறிஞ்சி இல்லாமல். அதனால் கண்ணாடியில் ஏறாது, ஆனால் மணலைத் தோண்டும் வேகத்துக்கு ஈடில்லை. அந்தக் கால்கள் மணலைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, உடம்பு சாயாமல், திரும்பாமல், இருந்த இடத்திலேயே நேராகக் கீழே இறங்கிவிடும். இதற்காகவே பாறைகளைத் தொட்டியின் அடிக் கண்ணாடியில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் மணல் போட வேண்டும். மணல் மேல் பாறை வைத்திருந்தால், அது அடியில் குடைய ஒருநாள் மொத்தமும் சரியும். மணலில் குத்தி வைத்த பவளத் துண்டுகளும் நிற்காது.

வாங்கி வந்த அன்றுதான் பெரிய கண்டம். இவற்றின் உடம்புக்குள் ஓடுவதும் ஏறக்குறைய கடல்நீர்தான், உப்பு அளவு திடீரென்று மாறினால் தாங்காது. செலவைக் குறைக்கச் சில கடைகள் உப்பைக் குறைத்தே ஓட்டும். கடைத் தண்ணீரை உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்காமல் எதுவும் தொடங்காதீர்கள். நம் தொட்டி நீரின் ஒப்படர்த்தி 1.025 என்றால், மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, அந்த நீரை நட்சத்திரம் வந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். கையால் வெளியே தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏந்தி மாற்றுவது நல்லது. செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியில் இதை விடவே கூடாது. வெப்பம் 26 டிகிரியில் நிற்கிறது, நம் ஊரில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் அது நடக்காது.

இனி சாப்பாடு. ஆறு மாதம் வரை மணலே ஊட்டியது. நுனிக்கு நுனி அளந்து குறித்து வைத்திருந்ததால், அதன் பிறகு அளவு குறைவது தெரிந்தது. பட்டினி கிடக்கும் நட்சத்திரம் சத்தமே போடாது. உடம்பு சிறுத்துக்கொண்டே வரும், நுனிகள் வெளுத்துக் கரையும், கை உடையும், ஒருநாள் மணலுக்குள்ளேயே செத்து அம்மோனியாவை ஏற்றிவிடும். ஒரு வருஷத்துக்குள் 'காரணமே இல்லாமல்' செத்தது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இப்படிப் போனவை என்பது என் அபிப்பிராயம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஈரச் சந்தை லாலா மட்டியின் சதை அல்லது உரித்த இறால், சுண்டுவிரல் நகம் அளவு. நீண்ட இடுக்கியால் கையின் நுனிக்கு அருகே வைத்தால் போதும். நுனிக் கால்கள் துழாவும், நட்சத்திரம் நகர்ந்து வந்து அதன் மேல் படுக்கும், நடுவட்டு சற்று மேடாகும். ஆனால் அதற்குள் துறவி நண்டும் இறாலும் ஓடி வந்து பிடுங்கிவிடும். சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டைகள் போட்டு, அரை மணி நேரம் நட்சத்திரத்தின் மேல் கவிழ்த்து வைக்கிறேன். இப்போது அளவு பழையபடி வந்திருக்கிறது.

சாங்கி கடற்கரையில் நீர் நன்றாக வற்றும் மாலைகளில் இதன் உறவுக்கார மணல் நட்சத்திரங்களைப் பார்க்கலாம். அவை சுற்றித் திரியும் மணல்வெளியைப் பார்த்தால் நான்கடித் தொட்டி எதற்கும் காணாது என்பது விளங்கும். பார்த்துவிட்டு வாருங்கள், எடுத்து வராதீர்கள்.

இன்னொரு விஷயம்: இவற்றில் சில வகைகளில் பேத்தை மீனின் அதே நஞ்சு, டெட்ரோடோடாக்சின், உண்டு. 1979-இல் ஜப்பானில் சங்கு தின்றவருக்கு நஞ்சேறியபோது, அந்தச் சங்குக்கு இரையான நட்சத்திரத்திலிருந்து வந்த நஞ்சு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தொட்டால் ஆபத்தில்லை, இருந்தாலும் தொட்டியில் கைவிட்ட பிறகு கழுவிக்கொள்ளுங்கள்.

மணல் புரண்டால் போதும் என்பவர்களுக்கு நாசேரியஸ் நத்தைகள் சில போதும். நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் மணல் போட்டு ஒரு வருஷமாவது ஆன தொட்டியில் ஒன்றே ஒன்று விடுங்கள். ஹார்லிக்வின் இறால் இருக்கும் தொட்டி என்றால் அதுவும் வேண்டாம், அந்த இறாலின் சாப்பாடே நட்சத்திர மீன்தான்.