ஆறு குளிர்காலம், ஒரு விறகு ஸ்டவ், ஒரு பழைய புகைக்கூண்டு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நாங்கள் இருப்பது 1900ஐ ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. முன்னறையில் யாரோ பலகை வைத்து அடைத்துப் போட்டிருந்த பழைய கணப்படுப்பைத் திறந்து, 2019 அக்டோபரில் அதற்குள் ஒரு விறகு ஸ்டவ் வைத்தோம். வார்ப்பிரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, தலையில் குழாய், அவ்வளவுதான். சமைப்பதற்கில்லை, அறையைச் சூடாக்க மட்டும். ஆறு குளிர்காலம் ஓடிவிட்டது. இந்தப் பக்கம் வீடு வாங்கும் நம் ஆட்கள் வந்து உட்கார்ந்து நெருப்பைப் பார்த்ததும் "நல்லா இருக்கே, எவ்வளவு ஆச்சு, வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஸ்டவ்வைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னால் எனக்கு அரைப் பக்கம்கூடத் தேறாது. பணம், தலைவலி, சண்டை எல்லாம் அதற்கு மேலே இருக்கும் புகைக்கூண்டிலும் அதற்குள் போடும் விறகிலும்தான் இருக்கிறது.

முதலில் கடைக்காரர் 8 கிலோவாட் ஸ்டவ்வைத் தலையில் கட்டப் பார்த்தார். "பெருசா வாங்கிக்குங்க, வேணும்னா குறைச்சு எரிச்சுக்கலாம்" என்பது அவர் வாதம். இங்கே ஒரு சின்னக் கணக்கு புழக்கத்தில் உண்டு: அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து 14ஆல் வகுத்தால் ஓரளவு பழைய வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் அறை நாலரைக்கு நாலு, உயரம் 2.8, வகுத்தால் 3.6 வருகிறது. 5 கிலோவாட்டே தாராளம். 5க்கு மேல் போனால் சுவரில் மூடாத காற்றுத் துளை ஒன்று வைத்தாக வேண்டும் என்று கட்டட விதி வேறு. ஜனவரி மாதம் அந்தத் துளை வழியாக வரும் குளிரை விரட்ட இன்னொரு ஸ்டவ் வாங்க வேண்டியதுதான். குறைத்து எரிக்கலாம் என்பதும் சரியில்லை. காற்றை அடைத்து மந்தமாக எரியவிட்டால் விறகு எரியாமல் வேகும், கண்ணாடி கறுக்கும், புகையிலிருக்கும் தார் குழாயில் போய்ப் படியும். நாங்கள் 5 எடுத்தோம். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

ஸ்டவ் பொருத்த வந்தவர் முதலில் புகைச் சோதனை செய்தார். அடியில் ஒரு புகை வில்லையைக் கொளுத்தி வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்து மோந்து பார்த்தார். மாடிப் படுக்கையறையில் பலகை இடுக்கு வழியாகப் புகை நிதானமாக வந்துகொண்டிருந்தது. புகைக்கூண்டுக்குள்ளே இரண்டு புகைவழிகளுக்கு நடுவில் அரைச் செங்கல் தடுப்புச் சுவர் ஒன்று இருக்கும். அது நூறு வருடக் கரிப்புகையில் அரித்துப் போயிருந்தது. அந்தக் காலத்தில் புகைவழியின் உட்புறத்தை எதைக் கொண்டு பூசினார்கள் தெரியுமா? சுண்ணாம்போடு மாட்டுச் சாணத்தைக் கலந்து. அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாணி மெழுகின அடுப்படியை விட்டு ஐயாயிரம் மைல் வந்தும் சாணி மெழுகின புகைக்கூண்டு! அந்தப் பூச்செல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அப்படியே எரித்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நேராகப் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் போயிருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

ஆகவே மேலிருந்து கீழ்வரை எஃகு லைனர். வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய், எங்களுக்கு ஒன்பது மீட்டர். ஒருவர் கூரையிலிருந்து இறக்க, இன்னொருவர் கீழிருந்து கயிறு கட்டி இழுத்தார். இதில் 316, 904 என்று இரண்டு தரம் விற்கிறார்கள். 904 விலை அதிகம், ஆனால் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். புகைக்கூண்டில் ஏறுவதும் சாரம் கட்டுவதும் எவ்வளவு ஆகும் என்று இப்போது தெரிந்தபின் சொல்கிறேன், இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டவ் 900 பவுண்டு, மற்ற எல்லாமாகச் சேர்ந்து 2,200. அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தார்கள், அது கட்டாயம். வேலை முடிந்ததும் வந்த சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார், காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

முதல் குளிர்காலம் நான் செய்த கூத்து தனி. இரவு படுக்கப் போகும்போது பெரிய கட்டையாக இரண்டு போட்டுக் காற்றை முழுக்க அடைத்துவிடுவேன், காலையில் எழுந்தால் கங்கு மிச்சமிருக்கும். என்ன ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் புகைக்கூண்டு துடைக்க வந்த பெரியவர் தூரிகையை உள்ளே விட்டு இழுத்தார், கறுப்புப் பொடி கொட்டியது, சரி. அப்புறம் கையில் ஒரு செதிலை எடுத்துக் காட்டினார்: கண்ணாடி மாதிரி பளபளவென்று கறுப்பாக, கெட்டியாக. கிரியோசோட். மந்தமாக எரிந்த புகை குளிர்ந்த குழாயில் பட்டு உறைந்தது. இது ஒருநாள் தீப்பிடித்தால் குழாய்க்குள்ளேயே எரியும், ரயில் ஓடுவது மாதிரி சத்தம் கேட்கும் என்றார். அன்றோடு இரவு முழுக்க எரிக்கும் சாமர்த்தியத்தை விட்டேன். (அவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். இந்த ஊரில் சின்னப் பையன்களைப் புகைக்கூண்டுக்குள் ஏறவிட்டுத் துடைத்த வழக்கம் ஒருவழியாக நின்றது 1875ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகுதானாம். நான் எங்கள் புகைவழியின் அகலத்தைப் பார்த்தேன். தலை நுழைந்தாலே பெரிய விஷயம்.)

இப்போது சிமெண்ட் கதை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

2020 வசந்தத்தில் படுக்கையறைச் சுவரில், புகைக்கூண்டு ஓடும் இடத்தில், டீக்கறை மாதிரி ஒரு மஞ்சள்பழுப்புக் கறை இறங்கியது. பெயிண்ட் அடித்தால் இரண்டு வாரத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். தெரிந்தவர் சொன்ன ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, செங்கல் இணைப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது, அதன் வழியாக மழை இறங்குகிறது என்றார். பழைய சுண்ணாம்புக் கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல கெட்டிச் சிமெண்டால் பூசிக் கொடுத்தார். 650 பவுண்டு. பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது, நானும் கையைக் குலுக்கி அனுப்பினேன்.

இரண்டு குளிர்காலம் கழித்துத் தோட்டத்தில் செங்கல் சில்லுகள் கிடந்தன. பிஸ்கட் உடைந்த மாதிரி செங்கலின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சும், விடும். சுண்ணாம்புக் கலவை இருந்தவரை அந்த ஈரம் இணைப்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் போட்டு வழியை அடைத்ததும் ஈரம் செங்கலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகத்தைத் தள்ளிவிடுகிறது. கறை மட்டும் போகவேயில்லை. ஏனென்றால் மழை இறங்கிய இடமே வேறு: கூண்டும் கூரையும் சேரும் மூலையில் இருந்த ஈயத் தகடு கிழிந்திருந்தது. அதோடு, நாங்கள் பயன்படுத்தாத இன்னொரு புகைவழியைக் கீழே பலகை வைத்து அடைத்துவிட்டு மேலே திறந்தே விட்டிருந்தார்கள். அதற்குள் விழுந்த மழைக்குப் போக்கிடம் இல்லை. பழைய கரியின் தாரையும் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவர் வழியாக வந்திருக்கிறது.

2022ல் இரண்டாவது ஆள். பழைய கட்டட வேலை தெரிந்த கல்தச்சர். சிமெண்டையெல்லாம் உளியால் எடுத்து, கெட்டுப்போன செங்கலைத் திருப்பி வைத்து, சுண்ணாம்புக் கலவையால் இணைப்புப் பூசி, ஈயத்தை மாற்றி, சும்மா கிடக்கும் புகைவழிக்கு மேலே காற்று போகிற மூடியும் கீழே படுக்கையறையில் சின்னக் கம்பிவலைத் துளையும் வைத்தார். சாரத்தோடு சேர்த்து 1,400. கறை காய்ந்து மறைய ஒரு வருடம் எடுத்தது. நம் ஊரில் செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கிறேன் என்று சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் அப்புகிறார்களே, அது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது.

விறகுக்கு வருகிறேன். அம்மா 2022 டிசம்பரில்தான் முதல்முறையாக இங்கே வந்தார். சிவகங்கைப் பக்கம், கருவேல விறகில் முப்பது வருடம் சமைத்தவர். அந்த வருடம் எரிவாயு விலை ஏறி எல்லோரும் விறகுக்குப் பாய்ந்ததில் விறகு விலையும் ஏறியிருந்தது. நான் ஒரு வேன்காரரிடம் மொத்தமாக ஒரு லோடு இறக்கியிருந்தேன், 'காய்ந்த விறகு' என்று சொல்லித்தான் கொடுத்தார். அம்மா கொல்லைக்குப் போய் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். "பச்சை விறகை வாங்கி வச்சிருக்கியேடா. சத்தத்தைக் கேளு, பொத்து பொத்துங்குது." நான் விடவில்லை, ஈரம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து கட்டையில் குத்தினேன். 19 சதவீதம் காட்டியது. பார்த்தீர்களா என்றேன். "பொளந்து குத்து" என்றார். பிளந்து உள்முகத்தில் குத்தினால் 31. வெளித்தோல் மட்டும் காய்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விறகு விற்றால் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம். நான் மொத்தமாக வாங்கியதால் அந்தப் பாதுகாப்பு எனக்குக் கிடையாது, காயவைத்து எரிக்க வேண்டியது என் பொறுப்பு. ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அந்த லோடை இரண்டு கோடைக்காலம் மேலே தகரம் போட்டு, பக்கத்தைத் திறந்துவிட்டு அடுக்கி வைத்தேன். 2024ல்தான் எரித்தேன், டங் டங் என்றது.

ஆனால் பற்றவைக்கும் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த ஸ்டவ்வில் பெரிய கட்டை அடியில், சிறு சுள்ளி மேலே, நெருப்பை உச்சியில் வைக்க வேண்டும். மேலிருந்து எரிந்து இறங்கும்போது புகை அந்தச் சுவாலை வழியாகவே போய் எரிந்துவிடும், குழாயும் சீக்கிரம் சூடாகி இழுக்கும். "தலைகீழா வச்சுக் கொளுத்துறான்" என்று ஊருக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டார். ஊதாங்குழல் இல்லாத அடுப்பு ஒரு அடுப்பா என்றும் கேட்டார். எனக்கு அவர் கற்றுக் கொடுத்தது கண்ணாடி துலக்குவது: நனைத்த செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போதும். அதற்கு முன் மூன்று வருடம் பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்கித் தெளித்துக்கொண்டிருந்தேன்.

சில்லறை ரிப்பேர்கள்: உள்ளே இருக்கும் வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் பலகை மூன்றாம் வருடம் விரிசல் விட்டது, மாற்றினேன். ஒரு வசந்தத்தில் ஜாக்டா என்ற சின்னக் காக்கை இனம் குழாய்க்குள் கூடு கட்டுகிறேன் என்று சுள்ளியாகப் போட்டுத் தள்ளியது, எடுத்தால் இரண்டு மூட்டை. அப்புறம்தான் உச்சியில் வலையோடு மூடி போட்டோம். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள், மறுநாள்கூட உள்ளே கங்கு இருக்கும்.

லாபமா என்றால், இல்லை. எரிவாயு பில் குறைந்தது உண்மை, விறகுக்குப் போனது அதைவிட அதிகம். ஆஷ் மரங்களுக்குப் பூஞ்சை நோய் வந்து வெட்டிச் சாய்க்கிறார்கள், அதில் சிலசமயம் இனாமாக விறகு கிடைக்கும். அதை அறுக்கவும் பிளக்கவும் என் முதுகுதான் விலை. இரண்டு முறை பெரிய பனிப்புயலில் மின்சாரம் போய்த் தெருவே விறைத்துக் கிடந்தபோது எங்கள் முன்னறையில் மட்டும் பனியனோடு உட்கார முடிந்தது. அந்தச் சுகத்துக்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. லீட்ஸ் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, அனுமதி பெற்ற ஸ்டவ்வில் மட்டுமே விறகு எரிக்கலாம், எங்களுடையது அந்த வகைதான். 1952 லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தபிறகு 1956ல் வந்த சட்டத்தின் வழியில் வந்த ஏற்பாடு இது. ஆனாலும் அனுமதி பெற்ற ஸ்டவ்விலிருந்தும் நுண்துகள் வரத்தான் செய்கிறது. ஒரு காற்றுத்தர மீட்டரை அறையில் வைத்துப் பார்த்தேன். கட்டை போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நுண்துகளின் அளவைக் காட்டும் பி.எம். 2.5 எண் துள்ளி ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆஸ்துமா. அவன் அம்மா ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை, ஆனால் காற்றே அசையாத பனிமூட்ட நாளில் புகை கீழேயே தங்கும்போது நான் பற்றவைப்பதில்லை, ஹீட்டரைப் போட்டுக்கொள்கிறோம். போன வருடம் மொத்தமே நாற்பது நாள்தான் எரித்திருப்போம். முதல் வருடம் தினமும். நகரத்தில் நல்ல ஹீட்டர் இருக்கிற வீட்டில் புதிதாக வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே இருக்கிற வீட்டை வாங்குகிறீர்கள் என்றால் ஸ்டவ்வைப் பார்க்க வேண்டாம், ஒரு ஆளை ஏற்றிக் கூண்டைப் பாருங்கள்.

செப்டம்பர் கடைசியில் துடைக்கிறவர் வருகிறார். அதற்குள் கதவைச் சுற்றியிருக்கும் கயிற்றை மாற்ற வேண்டும், ஒரு ஓரத்தில் தேய்ந்து காற்று புகுகிறது. புதுக் கயிறும் பசையும் வாங்கி மேசைமேல் வைத்து மூன்று வாரமாகிறது.