பூன் குடும்பத்தின் வேரைத் தேட: பைபிளா, வரிப் பட்டியலா, டிஎன்ஏவா?

அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேற்ற முன்னோடி டேனியல் பூன் பிறந்தது 1734இல், பென்சில்வேனியாவில். கல்யாணம் 1756இல், வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில். மனைவி ரெபெக்கா பிரையன். 1775இல் காட்டை வெட்டி வழி போட்டுக் கென்டக்கியில் குடியேறினார். 1799இல் மிசௌரிக்குக் கிளம்பி, 1820இல் அங்கேயே கண்ணை மூடினார். பிள்ளைகள் பத்து. எல்லைப்புறக் குடும்பம் என்றால் இப்படித்தான்: ஒரு ஊரின் ஆவணத்தில் பெயர் ஏறுவதற்குள் அடுத்த ஊரில் குடிசை போட்டிருப்பார்கள்.

இந்தக் குடும்பத்தின் வேர் சர்ச் பதிவேட்டில் நன்றாகவே தொடங்குகிறது. பூன்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், அவர்களுடைய சபைக் கூட்டங்கள் எல்லாவற்றையும் எழுதிவைக்கும். ஆனால் மூத்த மகன் சபைக்கு வெளியே பெண் எடுத்ததை ஆதரித்ததற்காக, டேனியலின் அப்பா ஸ்கொயரை 1748இல் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் குடும்பம் தெற்கே கிளம்பியது. தேடுபவருக்கு அந்தப் பதிவேடு தேவைப்படும் நேரத்தில் கதவு சாத்திக்கொள்கிறது.

சரி, சென்சஸ்? கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் இன்று இல்லை. 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான்; மற்றவர்கள் வயதுவாரி எண்ணிக்கை. எல்லோர் பெயரும் வருவது 1850இல், அதுவும் சுதந்திர மக்களுக்கு மட்டும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அப்போதும் வெறும் வயதும் பாலினமும் நிறமும்தான். ஆரம்பத் தலைமுறைகளுக்கு இதை நம்பி உட்காருவதில் பயனில்லை.

அடுத்தது குடும்ப பைபிள், அதாவது பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் வீட்டார் கையால் எழுதிவைக்கும் பைபிள். பலருக்கும் இதுதான் வேதவாக்கு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது பிறப்புப் பக்கத்தை அல்ல, அச்சிட்ட ஆண்டை. 1815இல் அச்சான பைபிளில் 1780இன் பிறந்தநாள் இருக்கிறது, பத்துப் பிள்ளைகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் என்றால், யாரோ ஒருநாள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியது அது. நாள்காட்டிக் குழப்பம் வேறு. 1752இல் பிரிட்டனும் அதன் காலனிகளும் நாள்காட்டி மாற்றியதால் டேனியலுக்கே அக்டோபர் 22, நவம்பர் 2 என இரண்டு பிறந்தநாள். அவர் கடைசிவரை அக்டோபரையே பிடித்துக்கொண்டிருந்தார்.

என் ஓட்டு வரிப் பட்டியலுக்கும் நிலப் பத்திரத்துக்கும். பாசத்துக்காக எழுதும் காகிதத்தில் தேதி நழுவும். காசுக்காக எழுதுவதில் அவ்வளவு எளிதில் நழுவாது. கென்டக்கியின் வரிப் பட்டியல்களில் 21 வயது தாண்டிய ஆண்கள் பெயரோடு வருகிறார்கள். அப்பா பெயருக்கு எதிரே 16இலிருந்து 21க்குள் ஓர் ஆண் என்ற எண் சில ஆண்டுகள் நிற்கும். ஒரு வருடம் அந்த எண் காணாமல் போய், பக்கத்திலேயே புதுப் பெயர் முளைத்தால், பையனுக்கு வயது வந்துவிட்டது என்று ஊகிக்கலாம். பத்திரம் இன்னும் ருசி. நிலத்தை விற்கும்போது மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதுவார்கள். கல்யாணப் பதிவே இல்லாத பெண்ணின் பெயர் அங்கே கிடைக்கும். அப்பா இறந்தபின் வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரம் கையில் கிடைத்தால், மகள்களும் மாப்பிள்ளைகளும் ஒரே தாளில்.

வழக்குகளையும் விடக்கூடாது. கென்டக்கியில் ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் அளந்து வைத்ததால் நீதிமன்றங்கள் நிரம்பின. நிலம் அளந்தவரான பூனே பல வழக்குகளில் சாட்சி சொன்னார். எந்த ஆண்டு, எந்த ஓடையருகே, யாரோடு முகாமிட்டோம் என்பதெல்லாம் அந்த மாதிரி வாக்குமூலங்களில் வரும்.

பத்திரத்திலும் பொறி உண்டு. அந்தக் காலத்து ஜூனியர், சீனியர் பெரும்பாலும் அப்பா மகன் அல்ல. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இளையவர், மூத்தவர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாகக்கூட இருக்கலாம். ஜார்ஜ், ஸ்கொயர், டேனியல் என்றே திரும்பத் திரும்பப் பெயர் வைத்த குடும்பத்தில் இதில் சறுக்காதவர் குறைவு.

அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்டவரின் பென்ஷன் மனு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1832 சட்டப்படி மனு செய்த கிழவர்கள் எங்கே பிறந்தோம், எங்கெல்லாம் குடியிருந்தோம் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். விதவைகள் சிலர் கல்யாணத்தை நிரூபிக்க பைபிள் பக்கத்தையே கிழித்து இணைத்திருக்கிறார்கள்.

அப்புறம் டிஎன்ஏ. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய்-டிஎன்ஏவை வைத்து, இரண்டு பூன் கிளைகள் ஒரே ஆண்வழியா என்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் கையை விரித்துவிடும். டேனியல் நீண்ட நாள் வெளியூரில் இருந்தபோது பிறந்த மகள் ஜெமைமாவுக்கு அப்பா அவருடைய தம்பி நெட் என்றொரு பழைய வம்புக்கதை உண்டு. ஜெமைமா பெண், அவளிடம் ஒய் இல்லை. இருந்திருந்தாலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ஒய்தான்.