ட்ரஃப் ஃபேனுக்கு ரீவைண்டா, ஐஈ3 மோட்டரா, வீஎஸ்டியா?

நம்ம மலைநாட்டு டீ பெக்டரில கரண்ட் பில் பேச்சு வந்தாலே ஒருத்தர் புது மோட்டர் மாத்துங்கம்பாரு, இன்னொருத்தர் வீஎஸ்டி (மோட்டர் ஸ்பீட கூட்டிக் குறைக்கிற ட்ரைவ்) போடுங்கன்னு நிப்பாரு, மூணாவது ஆள் எரிஞ்சத ரீவைண்ட் பண்ணுனா (உள்ள இருக்கிற கம்பிய புதுசா கட்டுனா) போதும் எதுக்கு சல்லிய கொட்டணும்னு முடிச்சிருவாரு. எந்த மெஷினுக்குன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

ட்ரஃப் ஃபேன மொதல்ல எடுப்போம், கொழுந்து பரப்புன நீளத் தொட்டிக்குள்ள காத்தடிச்சு வாட்ட ராத்திரி முழுக்க ஓடுறது அதுதானே. 7.5 கிலோவாட், நாலு போல் மோட்டர்னா எஃபிஷன்சி ஐஈ1 (பழைய தரம்) 86 வீதம், ஐஈ3 (கூடின தரம்) 90.4 வீதம். ஷாஃப்ட்ல 6 கிலோவாட் லோட் இருந்தா மணிக்கு 0.34 யூனிட் மிச்சம், 14 மணித்தியாலம் ஓடுனாலும் 5 யூனிட் தேறாது. அதுலயும் ஐஈ3க்கு ஸ்லிப் (லோட்ல ஸ்பீட் குறையிற அளவு) கம்மி, பழசு 1440 ஆர்பிஎம்ல சுத்துன இடத்துல புதுசு 1460ல சுத்துச்சுன்னா, ஃபேன் பவர் ஸ்பீடோட மூணாம் அடுக்குல ஏறுறதால 4 வீதம் கிட்ட லோடே கூடிரும். பிளேடு நேரா மோட்டர் ஷாஃப்ட்லயே இருந்தா புல்லி மாத்தி சரிக்கட்டவும் வழியில்ல, காத்து கொஞ்சம் கூட வரும், பில் அப்படியேதான் இருக்கும்.

அதே மூணாம் அடுக்குதான் வீஎஸ்டிக்கு பலம். ஸ்பீட 80 வீதத்துக்கு இறக்குனா பவர் பாதிக்கு வந்துரும். கொழுந்து மேல உள்ள தண்ணி காயுற வரைக்கும் முழு காத்து குடுத்துட்டு, அப்புறம் 8 மணித்தியாலம் 40 ஹெர்ட்ஸ்ல, அதாவது அந்த 80 வீத ஸ்பீட்ல விட்டா, ட்ரைவோட நட்டத்த கழிச்சும் ஒரு ஃபேன்ல 20 யூனிட்டுக்கு மேல மிஞ்சும். ஷட்டர மூடி காத்த குறைக்கிற பழைய வேலை இதுக்கு ஈடே இல்ல, ஆக்சியல் ஃபேன்ல சில நேரம் ஆம்ப்ஸ் ஏறக்கூட செய்யும்.

ஆனா ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் மழை நேரம் கொழுந்து சொட்டச் சொட்ட வரும், முழு ஸ்பீடுதான் ஓடணும், அப்போ ட்ரைவ் தன் பங்குக்கு 3 வீதம் போல சும்மா தின்னும். பண்டாரவளை பக்கம் காஞ்ச காத்து அடிக்கிற மாசங்கள்ல நெலம தலகீழ். அப்புறம் ராத்திரி 10.30லருந்து 5.30 வரைக்கும் ஓஃப் பீக் (மலிவு) ரேட், மிச்சமாகுற யூனிட்ட பகல் ரேட்ல பெருக்கி காட்டுற கொட்டேஷன்னா திருப்பி அனுப்புங்க.

ரோலருக்கு வீஎஸ்டி போட்டு பெருசா பிரயோசனம் இல்ல, ஸ்பீட குறைச்சா உருட்டுற நேரந்தான் நீளும். அங்க ஐஈ3 சரி, அதுவும் பழசு எரிஞ்சப்ப, நல்லா ஓடுற மோட்டர கழட்டி எறிய நா சொல்ல மாட்டேன். ட்ரையர் ஃபேன் பெல்ட்ல ஓடி, காத்தும் எப்பவுமே கூடுதலா இருந்தா, புல்லி மாத்துறதே போதும், அத விட மலிவா எதுவும் இல்ல.

ரீவைண்ட தப்புன்னு தள்ளவும் முடியாது, ஒழுங்கா கட்டுனா எஃபிஷன்சி அரை வீதம் கூட எறங்காது. பழைய கம்பிய எடுக்க ஸ்டேட்டர (மோட்டரோட சுத்தாத வெளிப்பாகத்த) கேஸ் டோர்ச்சால கண்டபடி சுடுறதும் மெல்லிசு கம்பி போடுறதுந்தான் கெடுக்குது, கோர் தகட்டுக்கு இடையில உள்ள இன்சுலேஷன் போயிட்டா அப்புறம் மோட்டர் சும்மா ஓடும்போதே சூடாகும். கட்டுறதுக்கு முந்தியும் பிந்தியும் நோ லோட் ஆம்ப்ஸ் (சும்மா ஓடும்போது இழுக்குற கரண்ட்) எழுதி வச்சிக்கோங்க, ஏறியிருந்தா அந்த மோட்டர ட்ரஃப் பக்கமே விடாதீங்க, நேரம் கம்மியா ஓடுற எடத்துல போடுங்க.

வீஎஸ்டி போட முடிவு பண்ணுனா பலதரம் கட்டுன மோட்டரோட சேக்காதீங்க, நீளமான கேபிள்ல வர்ற வோல்டேஜ் ஸ்பைக் பழைய வைண்டிங்க சீக்கிரம் தின்னுரும். மோட்டர்ல பவர் ஃபேக்டருக்கு கெபாசிட்டர் மாட்டியிருந்தா அத கழட்டிட்டுத்தான் ட்ரைவ் கனெக்ஷன் குடுக்கணும், பேனல கொழுந்து வாட்டுற லொஃப்ட்டோட ஈரத்துலயும் தூசியிலயும் வைக்காம தனியா மூடுன ரூம்ல வைங்க.