எம் 1, எம் 2 இரண்டும் அரியர் என்றால் எதை முதலில் எடுப்பது?

முதலாண்டு முடிந்தபோது எனக்கு இரண்டு கணிதத் தாளும் நின்றுபோயின. அடுத்த தேர்வுக்கு முன் கையில் இருந்தது 12 நாள். ஒன்பதை எம் 2-க்கும் மூன்றை எம் 1-க்கும் ஒதுக்கினேன். எம் 2 தேறியது. எம் 1-க்கு இன்னொரு செமஸ்டர் ஆனது. இன்று அதே நிலை வந்தாலும் இதே வரிசையில்தான் படிப்பேன். நான் சொல்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்) பற்றி.

எம் 1 அணிகளும் நுண்கணிதமும். பாதி பிளஸ் டூவில் பார்த்தது. எம் 2 புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் (விடையைத் தோராயமாகக் கணக்கிடும் முறைகள்). பலருக்குப் பெயரே புதிது. அதனால் பழகிய எம் 1-ஐ முதலில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. பாதியில் ஒரு தப்பு செய்தால் அந்தக் கணக்கு மீளுமா, மீளாதா என்பதுதான் முக்கியம். தேர்வு அறையில் தப்பே செய்யாமல் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

எம் 2-வில் சமன்பாடுகளைச் சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் காஸ் சைடல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 27x + 6y − z = 85, 6x + 15y + 2z = 72, x + y + 54z = 110. முதல் சுற்றில் x = 3.148, y = 3.541 வரும். ஒருநாள் பயிற்சியில் இந்த 3.541-ஐ 5.341 என்று இடம் மாற்றி எழுதிவிட்டேன். அடுத்த சுற்றில் x 2.031 ஆனது, அப்புறம் 2.389, அப்புறம் 2.422, கடைசியில் சரியான 2.425-க்கே வந்து நின்றது. கூடுதலாக ஓரிரு சுற்று, அவ்வளவுதான். முந்தைய விடையையே திரும்பத் திரும்பத் திருத்தும் முறை என்பதால் தப்பு தானாகக் கரைந்துவிடுகிறது. சமன்பாட்டின் மூலத்தைத் தேடும் நியூட்டன் ராப்சனும் பெரும்பாலும் அப்படித்தான். வகைக்கெழுச் சமன்பாட்டுக்கான ரங்கே குட்டாவில் இந்த வசதி இல்லை. அதன் முதல் படியான k1 தப்பினால் கடைசிப் படியான k4 வரை தப்பும். ஆனாலும் சூத்திரமும் படிகளும் சரியாக இருந்தால் கொஞ்சமாவது மதிப்பெண் கிடைக்கும்.

எம் 1-இல் தொகையீட்டு (integration) வரிசையை மாற்றும் கணக்கைப் பாருங்கள். xy-யை y = x² முதல் y = 2 − x வரை, x = 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். படம் வரைந்து, இரண்டு கோடுகளும் (1, 1)-இல் வெட்டுவதைப் பார்த்து, y = 1-இல் பரப்பை இரண்டாகப் பிரித்தால்தான் 3/8 வரும். பிரிக்காமல் விட்டாலும் கணக்கு ஓடும், ஒரு விடையும் வரும். அது தப்பு என்று தாளில் எதுவும் காட்டிக்கொடுக்காது. நான் அதே கணக்கை மூன்று முறை போட்டு மூன்று விடை எடுத்திருக்கிறேன்.

எம் 1-இன் முதல் யூனிட்டான அணிகள் மட்டும் விதிவிலக்கு. ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமா என்று அரை நிமிடத்தில் சரிபார்க்கலாம். எனக்கு இருந்த மூன்று நாளையும் அந்த யூனிட்டிலேயே செலவிட்டேன்.

மதிப்பெண் கணக்கும் எம் 2 பக்கமே. கடைசி மூன்று யூனிட்டும் நியூமரிக்கல்தான். அவற்றில் மூன்று 13 மதிப்பெண் வினா, 39. பார்ட் ஏ-யில் யூனிட்டுக்கு இரண்டு வீதம் ஆறு 2 மதிப்பெண் வினா, 12. ஆக 51. எழுத்துத் தேர்வில் வேண்டிய குறைந்தபட்சம் 45. முதல் இரண்டு யூனிட்டில் எந்தப் புள்ளியியல் சோதனையைப் போடுவது என்ற குழப்பம் உண்டு. அதற்கு நான் பெரிதாக நேரம் கொடுக்கவில்லை என்பதால் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. sin, cos வந்தால் கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் தொகையீட்டின் மதிப்பைத் தோராயமாகக் காணும் சிம்ப்சன் கணக்கு முழுவதும் போய்விடும்.

மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கணிதத் தாள் வரும் பிரிவுகளில் படிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபூரியர் தொடருக்குப் பகுதித் தொகையீடு கைக்குள் இருக்க வேண்டும், அது எம் 1 சரக்கு. அவர்கள் எம் 2-வை முடித்த கையோடு எம் 1-இன் நான்காவது யூனிட்டைத் திறந்துவிடுவது நல்லது. தன்னாட்சிக் கல்லூரிகளின் தாளை நான் எழுதியதில்லை. அங்கே இருப்பவர்கள் பழைய வினாத்தாள் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.