15 நிமிட நகரமா, நிலையத்தைச் சுற்றிய நகரமா?

கார்லோஸ் மொரேனோ பாரிஸில் பேராசிரியர். 2016-இல் அவர் முன்வைத்த யோசனை இதுதான்: கடை, பள்ளி, மருத்துவர், பூங்கா, முடிந்தால் வேலையும்கூட, வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். அமெரிக்கத் திட்டமிடுநர் பீட்டர் கால்தார்ப் 1990-களின் தொடக்கத்தில் சொன்னது வேறு. பேருந்து, ரயில் நிலையத்தைச் சுற்றி, சுமார் 600 மீட்டருக்குள் எல்லாவற்றையும் நெருக்கமாகக் கட்டுங்கள், மற்ற இடங்களுக்கு வண்டி ஏறிப் போகலாம்.

மொரேனோவிடம் எனக்குப் பிடித்தது, புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதையே இன்னொரு விதமாகப் பயன்படுத்தச் சொல்வது. பாரிஸில் சில பள்ளி முற்றங்களில் தாரைப் பெயர்த்து மரம் நட்டு, சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடுகிறார்கள். சரி, ஆனால் பாரிஸ் ஏற்கெனவே நெருக்கமான நகரம். வீடுகள் சிதறிக் கிடக்கும் புறநகரில் கால் மணி நேரம் நடந்தால் அடுத்த தெருதான் வரும்.

வேலை, பெரிய மருத்துவமனை போன்ற விஷயங்களில் நான் கால்தார்ப் பக்கம். இதயநோய் மருத்துவமனையைத் தெருவுக்கு ஒன்று வைக்க முடியாதே! பிரேசிலின் குரிடிபா 1974-லேயே பேருந்துத் தடத்தை ஒட்டி உயரமான கட்டடங்களை அனுமதித்து வளர்ந்த ஊர். அங்கே குழாய் வடிவ நிறுத்தத்தில் முன்பே கட்டணம் செலுத்திவிட்டு, படி ஏறாமல் நேராகப் பேருந்துக்குள் போய்விடலாம்.

அப்புறம் வாடகை. நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும், பேருந்து அதிகம் தேவைப்படுகிறவர்களே முதலில் வெளியேறுவார்கள். மொரேனோவின் பேட்டைகளுக்கும் இதே ஆபத்து உண்டு, ஆகவே எதை எடுத்தாலும் குறைந்த வாடகை வீடுகளை முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.